27 ஆண்டு இருந்த ரபி ஓய்வு பெறுகிறார்: சபை இப்போதே என்ன செய்ய வேண்டும்?

கேள்வி, மார்ச் 4

நியூ ஜெர்சியில் 220 குடும்பங்கள் உள்ள, கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்த யூத ஜெபாலயம். எங்கள் மதகுருவான ரபி 27 ஆண்டாக இருக்கிறார். அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று ஓய்வு. நான் நிர்வாகக் குழுவின் செயலாளர். குழுவில் பெரும்பாலானோர் சொல்வது இதுதான்: தேடல் குழு ஒன்று போட்டு நல்லவராக ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்றது தானாக நடக்கும், ஆறு மாதம் போதும், பழைய ரபி ஊரிலேயே இருந்து வழிகாட்டப் போகிறார், அதனால் கவலை இல்லை. இதில் எங்கே ஓட்டை?

பதில், மார்ச் 4, மாலை

ஓட்டை கடைசி வரியில். "ஊரிலேயே இருந்து வழிகாட்டுவார்" என்பதைத்தான் பெரிய பலமாக எல்லோரும் நினைக்கிறார்கள். எழுதி வைக்காவிட்டால் புது ரபியை இரண்டாம் ஆண்டிலேயே ஊரைவிட்டு அனுப்புவது அதுதான்.

வேலை மூன்று. இருப்பவருக்கு விடை கொடுப்பது, அடுத்தவரைத் தேடுவது, வந்தவரை வேர்பிடிக்க வைப்பது. சபைகள் தங்கள் பலம் முழுவதையும் நடு வேலையில் கொட்டிவிடுகின்றன. மூன்றிலும் எளிது அதுதான், ஏனென்றால் அதற்கு நடைமுறை இருக்கிறது, படிவம் இருக்கிறது, வழிகாட்ட அலுவலகம் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஆளே இருக்காது. உங்கள் கையில் 16 மாதம் இருக்கிறது. அது நல்ல அளவு. ஆறு மாதம் பற்றாது.

மார்ச் 5

ஆறு மாதம் ஏன் பற்றாது என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க ரபிகளின் வேலைச் சந்தைக்கு ஒரு பருவம் உண்டு. ஒப்பந்தங்கள் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். புதிதாகப் பட்டம் பெறுபவர்கள் மே, ஜூனில் வருகிறார்கள். சபை தன்னைப் பற்றி எழுதித் தரும் நீண்ட படிவத்தைக் கோடைக்குள் தயாராக வைத்திருக்க வேண்டும். செப்டம்பர், அக்டோபர் முழுக்கப் பண்டிகை. ரோஷ் ஹஷானா என்ற யூதப் புத்தாண்டு தொடங்கி சுக்கோத் என்ற கூடாரப் பண்டிகை முடியும்வரை எந்த ரபியும் தொலைபேசியை எடுக்க மாட்டார். அதன் பிறகுதான் விண்ணப்பங்கள். டிசம்பர், ஜனவரியில் வீடியோ நேர்காணல். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு மூன்று பேர் நேரில் வருவார்கள். ஏப்ரலுக்குள் சபை வாக்கெடுப்பு, கையெழுத்து. ஜனவரியில் தேடத் தொடங்கும் சபைக்கு மிஞ்சியவர்களிலிருந்து பொறுக்கும் நிலைமைதான்.

நீங்கள் கன்சர்வேடிவ் என்பதால் தேடல் முழுவதும் உங்கள் பிரிவு ரபிகளின் சங்கமான ரபினிக்கல் அசெம்பிளியின் ஜாயின்ட் பிளேஸ்மென்ட் கமிஷன் வழியாகத்தான் போக வேண்டும். யாருக்காவது பிடித்த ரபி வேறு ஊரில் இருந்தால் நேரே கூப்பிட்டுப் பேசிவிடாதீர்கள். விதிமீறல் என்பது ஒரு பக்கம். அவர் இப்போது வேறொரு சபையில் வேலையில் இருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய பக்கம். பேச்சு வெளியே கசிந்தால் அவர் அங்கேயும் நிற்க முடியாது.

தேடல் குழுவுக்கு 9 முதல் 12 பேர். முன்னாள் தலைவர்களை மட்டும் வைத்து நிரப்பாதீர்கள். பத்துப் பேர் கூடி நடத்தும் மினியான் தொழுகைக்குத் தினமும் காலை வருபவர் ஒருவர், எபிரேயப் பள்ளியில் குழந்தை படிக்கும் பெற்றோர் இருவர், சேர்ந்து மூன்று ஆண்டுகூட ஆகாதவர் ஒருவர், மாற்றம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்பவர் ஒருவர். அந்தக் கடைசி ஆள் உள்ளே இருந்தால் கேள்வியாகக் கேட்பார். வெளியே நிறுத்தினால் அதுவே வழக்காக வரும்.

ஓய்வு பெறும் ரபி இந்தக் குழுவில் இருக்கக் கூடாது. ஆலோசகராகவும் கூடாது. யார் வரவேண்டும் என்று ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வராமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

மார்ச் 5, இரவு

விட்டுப்போனது. சம்பளம் பேசுவது தேடல் குழுவின் வேலையே இல்லை. அதற்குத் தனியாக மூன்று பேர், அவர்களில் ஒருவர் வேலை ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர். "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று மூன்று மாதம் அன்பாகப் பேசியவரே விடுமுறை நாட்களை எண்ணிப் பேரம் பேசினால், அந்தக் கசப்பு ஜூலையிலும் இருக்கும்.

மார்ச் 8

நேரில் வரும் வார இறுதி பற்றி. ஆர்த்தடாக்ஸ் வட்டத்தில் இதை "ப்ரோபா" என்பார்கள். வெள்ளி மதியம் வருவார். வெள்ளி இரவு தொழுகை, சனி காலை மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் வாசிப்பும் பிரசங்கமும், பகல் உணவு, மாலையில் ஒரு வகுப்பு, ஓய்வுநாளை முடித்து வைக்கும் ஹவ்தாலா சடங்கு, ஞாயிறு காலை பெற்றோர் சந்திப்பு, பிறகு நிர்வாகக் குழு.

இங்கே நல்ல சபைகளே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சனிப் பகல் உணவு மேசையில், ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் கருத்துப் படிவமும் பேனாவும் வைத்திருப்பார்கள். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள், அதில் எழுதுவது கூடாது. வந்திருக்கும் ரபி அந்தப் பேனாவைப் பார்த்த நொடியில் இந்தச் சபையைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். படிவத்தை இணையத்தில் வையுங்கள். சனி இரவு ஹவ்தாலா முடிந்ததும் திறந்து, திங்கள் இரவு மூடுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தங்குமிடம் நடந்து வரும் தூரத்தில். மழை பெய்தாலும் அவர் காரில் ஏற மாட்டார்.

படிவத்தில் "பிடித்ததா, பிடிக்கவில்லையா" என்று கேட்காதீர்கள். மூன்று கேள்வி போதும். அவர் பேசியதில் எது மனதில் நின்றது? உங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் இவரைக் கூப்பிடத் தோன்றுமா? இவரிடம் கேட்க நினைத்து கேட்காமல் விட்டது என்ன? இரண்டாவது கேள்விக்கு வரும் விடைகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட நம்பத் தகுந்தவை.

அலுவலக நிர்வாகி, தொழுகையைப் பாடி நடத்தும் ஹசான், பள்ளி முதல்வர் மூவருக்கும் அவரோடு தனியாக ஒரு மணி நேரம் கொடுங்கள், நிர்வாகக் குழுவிலிருந்து யாரும் உடன் இல்லாமல். நாளை அவரோடு தினமும் வேலை செய்யப் போவது அவர்கள்தான். அவருடைய துணைவரை யாரும் நேர்காணல் செய்யக் கூடாது. "நீங்கள் பெண்கள் குழுவை நடத்துவீர்களா" என்ற கேள்வி இன்னும் வருகிறது. வரவிடாதீர்கள்.

மார்ச் 9

"சபை வாக்கெடுப்பு" என்று மார்ச் 5-இல் ஒரே சொல்லில் கடந்துவிட்டேன். அது போதாது. உங்கள் துணைவிதிகளை இன்றே எடுத்துப் பாருங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு? எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? பாதிக்கு மேலா, மூன்றில் இரண்டா? வர முடியாதவர் வேறொருவரிடம் வாக்கைக் கொடுத்தனுப்பலாமா? இதை அடுத்த ஆண்டு மார்ச்சில் வேட்பாளர் பெயர் தெரிந்த பிறகு விவாதித்தால், அவரைப் பிடிக்காதவர் விதியைப் பிடித்துத் தொங்குவதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். பெயர் தெரியாத காலத்தில் பேசினால் அது வெறும் விதி.

இறுதிச் சொல் யாருக்கு என்று தெளிவில்லாத சபைக்கு என்ன நேரும் என்பதற்கு லண்டன் சாட்சி. பிரிட்டனின் யுனைடெட் சினகாக் அமைப்பில் ரபி நியமனத்துக்குத் தலைமை ரபியின் சான்று வேண்டும். 1964-இல் நியூ வெஸ்ட் எண்ட் ஜெபாலயம் தன் பழைய ரபியான லூயி ஜேக்கப்ஸைத் திரும்ப அழைத்தது. தோரா மனிதர் வழியாக உருவான விதம் பற்றி அவர் எழுதியவற்றுக்காகத் தலைமை ரபி இஸ்ரேல் பிரோடி சான்று தர மறுத்தார். உள்ளூர் நிர்வாகம் மீறிப் பார்த்தது. மேலிருந்து அந்த நிர்வாகத்தையே நீக்கினார்கள். ஜேக்கப்ஸோடு போனவர்கள் அதே ஆண்டு நியூ லண்டன் சினகாக்கைத் தொடங்கினார்கள். உங்களுக்கு மேலே அப்படி ஓர் அதிகாரி இல்லை. அதனால்தான் துணைவிதி இன்னும் தெளிவாக இருக்க வேண்டும்.

மார்ச் 12

இப்போது பழைய ரபி.

ஓய்வு பெற்றவருக்கு எமெரிட்டஸ் என்ற மதிப்புப் பட்டம் கொடுப்பது அழகான மரபு. ஆனால் பட்டம் கொடுக்கும் தீர்மானத்தோடு ஒரு கடிதமும் இருக்க வேண்டும், இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு. அதில் வரவேண்டியது: புது ரபி வந்து முதல் 12 மாதம் எமெரிட்டஸ் இந்த ஜெபாலயத்தின் தொழுகைக்கு வரமாட்டார், வேறு இடத்தில் தொழுவார். திருமணம், அடக்கம், பெயர் சூட்டல், பிள்ளைகள் மதப் பொறுப்பேற்கும் பார் மிட்ஸ்வா எதையும் இந்தச் சபையினருக்கு நடத்த மாட்டார். கட்டடத்தில் அவருக்கு அறை கிடையாது. நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வரமாட்டார். யாராவது அவரிடம் வந்து புது ரபியைப் பற்றிக் குறை சொன்னால் "அவரிடமே சொல்லுங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் தரமாட்டார்.

கடுமையாகத் தெரியும். காரணம் இது. 27 ஆண்டில் அவர் அடக்கம் செய்த பெற்றோர்களின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் சபை. ஒரு குடும்பத்தில் தாய் இறந்ததும் அவர்கள் கை தானாகப் பழைய எண்ணைத்தான் அழுத்தும். அவர் இரக்கத்தோடு போய்விட்டால் புது ரபிக்கு அந்தக் குடும்பம் கிடைக்காது. அடுத்த குடும்பமும் கிடைக்காது. ஒரு ரபி சபையின் ரபியாக மாறுவது பிரசங்க மேடையில் அல்ல, கல்லறையின் ஓரத்தில்.

மார்ச் 13

வாசகர் ஒருவர் யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், பெராகோத் பகுதி, ஏடு 27-28. நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார்.

தெரியாதவர்களுக்கு: மாலைத் தொழுகை கட்டாயமா விருப்பமா என்ற வாதத்தில், கல்விக்கூடத் தலைவர் ரப்பான் கம்லியேல் மூத்த அறிஞரான ரப்பி யெஹோஷுவாவை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து அவமானப்படுத்தினார். கூடியிருந்தவர்கள் பொங்கி எழுந்து கம்லியேலைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். யாரை ஏற்றுவது? யெஹோஷுவா சண்டையில் ஒரு தரப்பு. அகீபாவுக்கு முன்னோர் பெருமை இல்லை. எலாஸார் பென் அஸர்யா அறிஞர், செல்வர், எஸ்ராவின் பத்தாம் தலைமுறை. அவரைக் கேட்டார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனார். மனைவி சொன்னார், "உங்களையும் ஒரு நாள் இறக்கிவிட்டால்?" அவர் பதில்: விலை உயர்ந்த கிண்ணத்தை ஒரு நாள் பயன்படுத்தினாலும் போதும், நாளை உடையட்டும். "உங்களுக்கு ஒரு நரைகூட இல்லையே" என்றார் மனைவி. அவருக்கு வயது 18. அன்றே தாடியில் 18 வரிசை நரைத்தது என்கிறது தல்மூத்.

வாசகரின் வாதம்: பதவி போன பிறகும் கம்லியேல் ஒரு மணி நேரம்கூடக் கல்விக்கூடத்துக்கு வராமல் இருக்கவில்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது, அதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள், நீங்கள் ஏன் 12 மாதம் வெளியே நிறுத்துகிறீர்கள்?

யோசித்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 15

யோசித்தேன். வாசகர் பாதி சரி.

கம்லியேல் வந்தது தலைவராக அல்ல. தீர்ப்புச் சொல்ல வரவில்லை, விவாதத்தில் கலந்துகொள்ள வந்தார். அன்று அவர் வாதிட்டுத் தோற்கவும் செய்தார். அதோடு, அவரது காலத்தில் வாசலில் காவலாளி நின்றான், உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாதவன் வரக்கூடாது என்று. அவர் இறங்கிய நாளில் காவலாளியை எடுத்தார்கள். 400 பெஞ்சு கூடியது என்று ஒரு கணக்கு, 700 என்று இன்னொரு கணக்கு. அதைப் பார்த்துக் கம்லியேல் மனம் கலங்கினார், இத்தனை பேரைத் தோராவிலிருந்து தடுத்தேனோ என்று. தனக்குப் பின் வந்த மாற்றத்தைத் தன் கண்ணால் பார்த்துத் தாங்கிக்கொண்டவர் அவர். அப்படிப்பட்டவருக்கு 12 மாதம் தேவையில்லை.

ஆனால் கதையின் முடிவையும் பார்க்க வேண்டும். கம்லியேல் யெஹோஷுவாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு மீண்டார். இருவரையும் வைத்துக்கொள்ள ஒரு பங்கீடு செய்தார்கள்: மூன்று ஓய்வுநாள் கம்லியேல் போதிப்பார், ஒன்று எலாஸார். சமாதானம் வந்தது உண்மை. புதியவர் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியதும் உண்மை. பழையவர் கூடவே இருக்கும் ஊரில் பங்கீடு இப்படித்தான் முடியும்.

ஆகவே திருத்துகிறேன். 12 மாதம் வேண்டாம், ஆறு. ஜூலை முதல் டிசம்பர் வரை, அதாவது பெரும் பண்டிகைகள் முழுவதும் உள்ளடங்க. அதன் பிறகு புது ரபி அழைத்தால் வரலாம், சாதாரண இருக்கையில். அடக்கம் பற்றிய விதியிலும் ஒரு திருத்தம். குடும்பம் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும், புது ரபி நடத்துவார், எமெரிட்டஸ் பேச வேண்டுமா என்பதைக் குடும்பத்திடம் கேட்டுப் புது ரபியே அவரை அழைப்பார். அழைப்பு போகும் திசைதான் முக்கியம். அவர் வந்து ஐந்து நிமிடம் பேசுவதால் எதுவும் கெடாது.

மார்ச் 16

மோசே தனக்கு அடுத்தவரான யோசுவாவிடம் எப்படிப் பொறுப்பைக் கொடுத்தார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எண்ணாகமம் 27. யோசுவாவின் மேல் "உன் கையை வை" என்பது கட்டளை, 18-ஆம் வசனம். 23-ஆம் வசனத்தில் மோசே வைத்தது இரு கைகளையும். உரையாசிரியர் ராஷி அதைப் பிடித்துக்கொள்கிறார்: கேட்டது ஒரு கை, கொடுத்தது இரண்டு, மனமாரக் கொடுத்தார் என்று. அதே இடத்தில் தல்மூத் இன்னொன்றும் சொல்கிறது, பாபா பத்ரா 75-இல். மோசேயின் முகம் சூரியன் போல, யோசுவாவின் முகம் சந்திரன் போல என்று அந்தத் தலைமுறை முதியவர்கள் வருந்தினார்களாம். யோசுவாவையே இப்படிச் சொன்ன ஜனம், உங்கள் புது ரபியின் முதல் பிரசங்கத்தைப் பற்றி என்ன சொல்லும் என்று முன்கூட்டியே மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

கையளிப்புக் கோப்பு. இதைத்தான் யாரும் செய்வதில்லை. இப்போதிருந்தே மாதம் ஒரு முறை, அலுவலக நிர்வாகியும் ரபியும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். ரபி பேச, நிர்வாகி எழுத வேண்டும். ரபியிடமே எழுதச் சொன்னால் ஜூன் 29 அன்று இரண்டு பக்கம் வரும்.

முதலில் நோயுற்றோர் பட்டியல். ஓய்வுநாள் தோறும் மி ஷெபெராக் ஜெபத்தில் வாசிக்கும் பெயர்கள். அதில் குணமானவர் இருப்பார், இறந்தவரும் இருப்பார். எபிரேயப் பெயர் தாயின் பெயரோடு இருக்கும், யார் வீட்டு ஆள் என்று பழைய ரபிக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆங்கிலப் பெயர், தொலைபேசி, கடைசியாக விசாரித்த தேதி. புது ரபி முதல் ஓய்வுநாளில் மூன்று மாதம் முன் இறந்தவரின் பெயரைச் சொல்லி உடல்நலம் வேண்டினால், அந்த வீட்டார் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

அடுத்து யார்சைட், இறந்த நாள் நினைவு. எபிரேயத் தேதிப்படி வருவது. சூரியன் மறைந்த பிறகு இறந்தவருக்கு அடுத்த நாள் தேதி. மென்பொருளில் இறந்த நேரத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் முன்னதாகக் கடிதம் போகும். எபிரேய நாட்காட்டியின் ஆதார் மாதம் இன்னும் சிக்கல். 19 ஆண்டில் 7 முறை இரண்டு ஆதார் வரும். சாதாரண ஆண்டின் ஆதாரில் இறந்தவருக்கு முதல் ஆதாரிலா, இரண்டாவதிலா? ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதரின் வழக்கம் முதல் ஆதார், சிலர் இரண்டிலும். 27 ஆண்டாக உங்கள் ரபி எதைச் சொல்லி வந்தார் என்று எழுதி வையுங்கள். புதியவர் வேறு மாதிரி நினைத்தாலும், தெரிந்து மாற்றுவது வேறு, தெரியாமல் மாற்றுவது வேறு.

பிறகு நடுவழியில் இருப்பவர்கள். மதம் மாறப் படித்துக்கொண்டிருப்பவர்: என்ன படித்தார், பெத் தீன் என்ற மத நீதிமன்றத்தின் மூவர் யார், மிக்வே என்ற சடங்குக் குளியலுக்கு நாள் குறித்ததா. பெற்றோரை இழந்து கடிஷ் என்ற 11 மாதத் துக்க ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பவர். கெத் என்ற மத மணவிலக்குப் பத்திரம் வாங்காமல் நிற்கும் விவாகரத்து. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்குத் தேதி கொடுத்திருக்கும் பார், பாத் மிட்ஸ்வா குழந்தைகள். இந்தக் குடும்பங்களுக்குத் தனித்தனியாகத் தொலைபேசியில் சொல்லுங்கள், பொதுக் கடிதம் வருவதற்கு முன்னால். அந்தக் குழந்தை தன் ரபியோடு மேடையில் நிற்பதாகத்தான் கற்பனை செய்து வைத்திருக்கும்.

மரணப் படுக்கையில் சொன்னது, திருமணத்துக்குள் நடப்பது போன்ற இரகசியங்கள் கோப்பில் வரக்கூடாது. ரபி அந்த ஆளைக் கூப்பிட்டு "அடுத்தவரிடம் சொல்லட்டுமா" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அது அவரோடு போகட்டும்.

மார்ச் 21

கோப்பில் இன்னொரு பகுதி: வழக்கங்கள். ஷெமா ஜெபம் சொல்லும்போது நிற்பதா உட்காருவதா. தோரா முழுப் பகுதியா, மூன்றாண்டுச் சுழற்சியா. அமிதா ஜெபத்தில் சாராள் முதலான முன்னன்னையர் பெயர் உண்டா. பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் தொடங்கும் கோல் நித்ரே இரவில் தோராச் சுருளை ஏந்தி நிற்பவர் யார், யோனா நூலை வாசிப்பவர் யார், முடிவுத் தொழுகையான நெயிலாவில் சுருள்கள் இருக்கும் பேழையைத் திறக்கும் குடும்பம் எது. இந்தக் கடைசி மூன்றில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் முப்பது ஆண்டு இருக்கும். எதுவும் எழுத்தில் இருக்காது. புது ரபி தெரியாமல் வேறொருவருக்குக் கொடுத்தால், அது தெரியாமல் நடந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 27

பணம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொன்றும் தவறக்கூடியது.

வீட்டுப்படி. அமெரிக்க வருமான வரிச் சட்டம் 107-ஆம் பிரிவின்படி மதகுருவின் வீட்டுப்படிக்கு வருமான வரி இல்லை. ஆனால் தொகையை நிர்வாகக் குழு பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்துத் தீர்மானமாகப் போட்டிருக்க வேண்டும். பின்தேதி போட முடியாது. ஜூலை 1-இல் வருபவருக்குத் தீர்மானம் ஜூன் கூட்டத்தில். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமே கிடையாது என்று செப்டம்பரில் போட்டால் இரண்டு மாத விலக்கு போய்விடும். விலக்குக் கிடைப்பது மூன்றில் குறைந்ததற்கு: தீர்மானித்த தொகை, உண்மையில் செலவானது, வீட்டின் நியாயமான வாடகை மதிப்பு.

அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு ரபி சுயதொழில் செய்பவராகக் கணக்கு. 15.3 விழுக்காட்டு வரியை அவரே கட்டுவார், வீட்டுப்படிக்கும் சேர்த்து. சம்பளப் பட்டியல் போடும் புதிய ஆள் மற்ற ஊழியர்களுக்குப் போலப் பிடித்தம் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. குடிபெயரும் செலவைத் திருப்பிக் கொடுத்தால் 2018 முதல் அது அவருக்கு வருமானம், வரி உண்டு. "லாரிச் செலவு எங்களுடையது" என்று வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

டிஸ்கிரிஷனரி ஃபண்ட். ஏழை எளியவருக்கு ரபி தன் விருப்பப்படி கொடுக்கும் நிதி. அது சபையின் பணம், ரபியுடையதல்ல. கணக்கு சபையின் வரி எண்ணில் இருக்க வேண்டும். ஜூன் 30 அன்று பழைய கையெழுத்தை நீக்கி, ஜூலை 1 அன்று புதியதைச் சேர்க்க வேண்டும். மீதித் தொகை அப்படியே அடுத்தவருக்கு. யாருக்கு உதவி போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் ரபியிலிருந்து ரபிக்கு நேரே போக வேண்டும், நிர்வாகக் குழு வழியாக அல்ல.

மார்ச் 28

ரபி தன் மனதில் பட்டதைப் பிரசங்கிக்கும் மேடைச் சுதந்திரம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். 1905-06-இல் நியூயார்க்கின் டெம்பிள் இமானுவேல் ஜெபாலயம், ஸ்டீபன் வைஸ் என்ற ரபியை அழைக்கப் பேசியது. மேடை நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கும் என்றார்கள். அவர் மறுத்து, பகிரங்கக் கடிதமே எழுதினார். 1907-இல் தன் ஃப்ரீ சினகாக்கைத் தொடங்கினார். அங்கே கையெழுத்துக்கு முன்பே கருத்து வேற்றுமை வெளியே வந்துவிட்டது. அது நல்லது. கையெழுத்துக்குப் பின் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்பனி நகரச் சபை சாட்சி.

1850, ரோஷ் ஹஷானா காலை. அங்கே ரபியாக இருந்த ஐசக் மேயர் வைஸை (இவர் வேறு வைஸ்) நிர்வாகக் குழு அதற்கு முன்பே நீக்கியிருந்தது. அவர் அதை ஏற்காமல் தொழுகை நடத்த எழுந்து பேழையை நோக்கிப் போனார். சபைத் தலைவர் அவரை அடித்தார். கைகலப்பாகி, போலீஸ் வந்து ஜெபாலயத்தைக் காலி செய்தது. வைஸின் பக்கம் நின்றவர்கள் தனிச் சபை தொடங்கினார்கள். பின்னாளில் சின்சினாட்டியில் 1875-இல் ரபிகளைப் பயிற்றும் ஹீப்ரு யூனியன் காலேஜை நிறுவியவர் இவர்தான்.

உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று: பதவி முடியும் நாள் பண்டிகைக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஜூன் 30 நல்ல நாள். "பண்டிகை வரை மட்டும் இருங்கள்" என்ற நீட்டிப்பைக் கொடுக்காதீர்கள், இருவரும் மனமொத்தே கேட்டாலும்.

ஏப்ரல் 2

இடைக்கால ரபி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 27 ஆண்டுக்குப் பின் என்றால் ஆம் என்பேன். ஓர் ஆண்டு, அரிதாக இரண்டு. அவர் நிரந்தரப் பதவிக்குப் போட்டியிட மாட்டார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், அதுதான் அவருடைய பயனே. "இங்கே ஏன் இப்படிச் செய்கிறீர்கள்" என்று அவரால் அச்சமில்லாமல் கேட்க முடியும். பழையவரோடு ஒப்பிடும் கோபமெல்லாம் அவர்மேல் விழுந்து அவரோடு போகும். சாவு, ஒழுக்கக் கேடு, சண்டை இவற்றால் பதவி காலியானால் இடைக்கால ரபி இல்லாமல் நேரே தேடவே கூடாது.

ஏப்ரல் 3

ஒரு வாசகர், கொச்சி யூதச் சபை ரபியே இல்லாமல் நூற்றாண்டுகள் ஓடவில்லையா என்கிறார். ஓடியது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் 1568-இல் கட்டியது. மூப்பர்களும் தொழுகை நடத்தத் தெரிந்த சபையாருமே தாங்கினார்கள். யூதச் சட்டப்படி தொழுகைக்கு ரபி தேவையில்லை, பத்துப் பேர் போதும். அமெரிக்கச் சபைகள் இதை மறந்துவிட்டன.

இடைவெளிக் காலத்துக்கு இதுதான் நடைமுறைப் பாடம். இந்த 16 மாதத்தில் ஷிவா என்ற ஏழு நாள் துக்கம் காக்கும் வீட்டில் மாலைத் தொழுகை நடத்த ஆறு பேர், தோரா வாசிக்க எட்டுப் பேர், சிறு உரை சொல்ல ஐந்து பேர் என்று பழக்குங்கள். அடக்கம் ஒன்றிரண்டு நாளுக்குள் நடந்தாக வேண்டும் என்பதால், பக்கத்துச் சபை ரபிகள் இருவரோடு முன்பே பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பூதியத்தையும் எழுதி. திருமணத்துக்கு மட்டும் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் ஒருவர் வேண்டும்.

ஏப்ரல் 11

முதல் ஆண்டு. ஜூலை 1-இல் வருபவருக்கு ரோஷ் ஹஷானா பத்து முதல் பதினான்கு வாரத்தில். அதற்குள் நான்கு பெரிய பிரசங்கம். வீட்டுச் சாமான் பெட்டியில் இருக்கும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் குழுக் கூட்டங்களிலிருந்து அவரை விடுவியுங்கள்.

செய்ய வேண்டியது வீட்டுச் சந்திப்புகள். ஒருவர் வீட்டு வரவேற்பறை, 12 பேர், ஒன்றரை மணி நேரம், காபி, கேக். 20 சந்திப்பு வைத்தால் 240 பேர், உங்கள் சபைக்குக் கிட்டத்தட்ட வீட்டுக்கு ஒருவர். எட்டைப் பண்டிகைக்கு முன், பன்னிரண்டைப் பின். எல்லா வீட்டிலும் ஒரே இரண்டு கேள்வி: இந்த ஜெபாலயம் உங்களைத் தாங்கிய ஒரு நேரம் எது? எதை இழந்துவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள்? ரபி பேசுவது கடைசிப் பத்து நிமிடம் மட்டும்.

தேடல் குழுவைக் கலைத்துவிட்டு ஐந்து பேர் கொண்ட வரவேற்புக் குழு போடுங்கள். மாதம் ஒரு முறை ரபியோடு உட்கார்ந்து, ஊரில் என்ன பேச்சு என்று பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும். 18 மாதத்தில் முடிந்துவிட வேண்டும். வேலை மதிப்பீடு இவர்கள் கையில் கூடாது. இரண்டையும் கலந்தால் அவர் அவர்களிடம் வாயே திறக்க மாட்டார்.

பதவியேற்பு விழா பண்டிகைக்கு முன் வேண்டாம். நவம்பர் நல்லது. எமெரிட்டஸ் அன்று மட்டும் வரட்டும், தோராச் சுருளை ஏந்திப் புதியவர் கையில் கொடுக்கட்டும், கொடுத்துவிட்டு இறங்கி சபையோடு உட்காரட்டும். ஆறு மாத விதிக்கு இது ஒரே விலக்கு.

ஏப்ரல் 12

"முதல் ஆண்டில் எதையும் மாற்றாதே" என்று பலரும் சொல்வதை நேற்று எழுத வந்து எழுதவில்லை. காரணம், அது அரை உண்மை. சபை ஏற்கெனவே முடிவு செய்து, பழைய ரபிக்காகத் தள்ளிப்போட்ட விஷயங்கள் சில இருக்கும். அவற்றை நிர்வாகக் குழு அவர் வருவதற்கு முன்பே, தன் பெயரில் செய்துவிட வேண்டும். மைக் வைப்பதோ, தொழுகை நேரத்தை அரை மணி முன்தள்ளுவதோ, புது ரபியின் தலையில் அந்தப் பழி விழக்கூடாது. மெட்டுகளை மட்டும் யாரும் தொடவேண்டாம். யோம் கிப்பூர் அன்று தன் அப்பா பாடிய மெட்டு வராவிட்டால், மனிதருக்கு அன்று முழுவதும் தொழுததாகவே தோன்றாது.

ஏப்ரல் 19

செயலாளரின் பதில் வந்தது: ரபி ஆறு மாதத்தை ஏற்றுக்கொண்டார், கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம் கேட்டார், தன் மனைவிக்கு அந்த விதி பொருந்தக் கூடாது என்று. அவர் 27 ஆண்டாகப் புதன் காலைப் பின்னல் குழுவில் இருக்கிறாராம்.

சரியான திருத்தம். நான் யோசிக்காமல் விட்டது அது. பதவி அவருடையது, நட்புகள் அந்தப் பெண்மணியுடையவை. ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒன்று பாக்கி. சபையில் எல்லோர் கைபேசியிலும் "ரபி" என்று பதிந்திருக்கும் எண் அவருடைய சொந்த எண். இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கூப்பிடும் எண் அது. இந்த மாதமே சபையின் பெயரில் அவசர எண் ஒன்று வாங்கி அவர் கைபேசிக்குத் திருப்பி விடுங்கள். கதவில், வார இதழில், யார்சைட் கடிதத்தில் எல்லாம் அந்த எண்ணையே அச்சிடுங்கள். அவரும் இனி அந்த எண்ணிலிருந்தே திரும்பக் கூப்பிடட்டும். 14 மாதத்தில் பாதிப் பேர் கைபேசியிலாவது அது பதிந்துவிடும். ஜூன் 30 நள்ளிரவில் திருப்புவதை மட்டும் புதியவர் பக்கம் மாற்றினால் போதும்.